ஒரு டாலர் ஒப்பந்தமும் உழைப்பின் பதிவேடும்

(தொழிற்சங்கப் படிப்பகக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

நமது படிப்பகக் கூட்டங்களில் பஞ்சப்படியைப் பற்றியும், போனசைப் பற்றியும், அறுவடைக் கூலியைப் பற்றியும் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். அது கதையுமல்ல, கவிதையுமல்ல. பக்கத்தைப் புரட்டினால் தேதிகள் வருகின்றன. தேதிக்குக் கீழே ஊர்ப் பெயர், ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயர், யார் யார் எந்த வாத்தியம் வாசித்தார்கள், எந்தப் பாட்டை எத்தனை முறை முயன்றார்கள், அதில் எது இசைத்தட்டாக வெளிவந்தது, எது அலமாரியில் தூங்கியது என்ற விவரம். முதல் பக்கம் தொட்டுக் கடைசிப் பக்கம் வரை இதே கணக்குத்தான்.

புத்தகத்தின் பெயர் "ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்: செஷன்ஸ்". 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. 1963 முதல் 1970 வரை, ஒலிப்பதிவுக் கூடங்களில் அந்தக் கித்தார்க் கலைஞர் செய்த வேலையின் முழுப் பட்டியல் அது. தொகுத்தவர்கள் மூன்று பேர்: ஜான் மெக்டெர்மாட் என்ற எழுத்தாளர், எட்டி கிராமர் என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர், பில்லி காக்ஸ் என்ற வாத்தியக்காரர்.

"நூல் நூற்பவனுக்கும் நாற்று நடுபவளுக்கும் வெள்ளைக்காரன் நாட்டு ராக் பாட்டுப் பட்டியலால் என்ன லாபம்?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பதிலைக் கடைசியில் சொல்ல மாட்டோம், இப்போதே சொல்லிவிடுகிறோம். அந்தப் புத்தகம் ஒரு மஸ்டர் ரோல். ஓர் உழைப்பாளியின் வருகைப் பதிவேடு. அந்தப் பதிவேடு அவர் உயிரோடிருந்தபோது அவர் கையில் இருந்ததில்லை. அதனால் என்ன நேர்ந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

தோட்டக்காரர் மகன்

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1942 நவம்பர் 27ஆம் தேதி அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். தகப்பனார் அல் ஹெண்ட்ரிக்ஸ் தோட்ட வேலை செய்து பிழைத்தவர். சிறுவன் ஜிமி தகப்பனாருக்கு உதவியாகப் போன ஒரு வீட்டுக் குப்பையில் ஒற்றைத் தந்தியுள்ள சிறு வாத்தியம் ஒன்று கிடைத்தது. அதுதான் அவருடைய முதல் பாடம். 1958இல் 5 டாலருக்கு ஒரு பழைய கித்தார் வாங்கினார்கள். அதே ஆண்டில் தாயார் இறந்துபோனார்.

1961இல் திருட்டுக் காரில் சென்றதற்காகப் போலீசார் பிடித்தார்கள். சிறையா, ராணுவமா என்ற நிலை வந்தது. ராணுவத்தில் சேர்ந்தார். 101ஆவது வான்படைப் பிரிவில் பாராசூட்டில் குதிக்கும் சிப்பாய். அங்கேதான் பில்லி காக்ஸ் என்ற இன்னொரு சிப்பாயைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. புத்தகத்தைத் தொகுத்த மூவரில் ஒருவர் இவர்தான்.

1962இல் ராணுவத்திலிருந்து வெளியே வந்த ஹெண்ட்ரிக்ஸ் கூலிக்கு வாசிக்கும் கித்தார்க்காரராக ஊர் ஊராகச் சுற்றினார். நிறவெறிச் சட்டங்கள் அமலில் இருந்த காலம். கறுப்பினக் கலைஞர்கள் கறுப்பின மக்களின் கொட்டகைகளிலும் சிறு விடுதிகளிலும்தான் பெரும்பாலும் வாசிக்க முடியும். 1964இல் ஐஸ்லி சகோதரர்களின் குழுவிலும், 1965இல் லிட்டில் ரிச்சர்ட் குழுவிலும் பின்னால் நின்று வாசித்தார். இசைத்தட்டின் உறையில் முன்னால் நிற்கிறவரின் பெயர் பெரிதாக இருக்கும். பின்னால் நின்ற கூலிக் கலைஞரின் பெயர் அனேகமாக இருக்காது. துணி மூட்டையின் மேல் ஆலையின் முத்திரை இருக்கிறது. நெய்தவன் பெயர் இருக்கிறதா? அதைப் போலத்தான்.

பெயரில்லாத அந்த ஆண்டுகளுக்கும் "செஷன்ஸ்" புத்தகம் கணக்கு வைத்திருக்கிறது. அதுவே அதன் முதல் சிறப்பு.

ஒரு டாலர்

1965 அக்டோபர் 15ஆம் தேதி. ஹெண்ட்ரிக்சுக்கு இன்னும் 23 வயது நிரம்பவில்லை. நியூயார்க்கில் கர்டிஸ் நைட் என்ற பாடகரின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். எட் சால்பின் என்பவர் நடத்திய பி.பி.எக்ஸ். கம்பெனி ஒரு காகிதத்தை நீட்டியது. அவர் கையெழுத்துப் போட்டார். மூன்று ஆண்டு ஒப்பந்தம். கைக்கு வந்த பணம் 1 டாலர். விற்பனைப் பங்கு நூற்றுக்கு 1 வீதம்.

ஒரு டாலர், தோழர்களே! சட்டத்தின் கண்ணுக்கு அது போதும். ஏதாவது ஒரு விலை கைமாறினால் ஒப்பந்தம் செல்லும் என்கிறது சட்டம். அந்த விலை நியாயமா என்று அது கேட்பதில்லை. முதலாளித்துவச் சட்டம் "சுதந்திரமான ஒப்பந்தம்" என்று இதைத்தான் புகழ்கிறது. வயிறு காய்ந்தவனும் பணப்பெட்டி வைத்திருப்பவனும் சம சுதந்திரத்தோடு கையெழுத்திடுகிறார்களாம்! ஆலை வாசலில் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கியதைக் கண்டவர்களுக்கு, கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்த தகப்பன்மாரின் பிள்ளைகளுக்கு, இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1966இல் சாஸ் சாண்ட்லர் என்ற ஆங்கிலேயர் ஹெண்ட்ரிக்சை நியூயார்க்கில் கேட்டார். சாண்ட்லர் வாத்தியக்காரர் ஆவதற்கு முன் டைன் நதிக்கரைக் கப்பல் கட்டும் தளத்தில் கடைசல் வேலை செய்த தொழிலாளி. அவர் ஹெண்ட்ரிக்சை 1966 செப்டம்பரில் இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். பழைய ஒப்பந்தங்களைத் தேடி விலை கொடுத்துத் தீர்க்கவும் முனைந்தார். ஆனால் அந்த ஒரு டாலர் காகிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஹெண்ட்ரிக்ஸ் அதைச் சொல்லவில்லை.

1967இல் முதல் பெருந்தட்டு வெளிவந்து பெயர் உலகமெங்கும் பரவியதும், பி.பி.எக்ஸ். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறியது. கூலிக்கு வாசித்த பழைய பதிவுகள் அதே ஆண்டு டிசம்பரில், புகழ்பெற்ற பெயரை முன்னால் போட்டுச் சந்தைக்கு வந்தன. கேட்டவர்கள் புதிய இசை என்று எண்ணி வாங்கினார்கள். உள்ளே இருந்ததோ கர்டிஸ் நைட்டுக்குப் பின்னால் நின்று வாசித்தது. கடைசியில் அமெரிக்காவில் 1968இல் ஒரு சமரசம் ஏற்பட்டது. அதன்படி ஹெண்ட்ரிக்ஸ் தமது அடுத்த பெருந்தட்டு ஒன்றைத் தாரை வார்க்க வேண்டியதாயிற்று.

1970 ஜனவரி 1ஆம் தேதி நியூயார்க்கில் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் நடந்த கச்சேரிகளைப் பதிவு செய்து, "பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்" என்ற தட்டாக அந்தக் கடனைத் தீர்த்தார். பக்கத்தில் நின்று வாசித்தவர் பழைய ராணுவத் தோழர் பில்லி காக்ஸ். முரசு கொட்டியவர் பட்டி மைல்ஸ். வியத்நாம் போரின் துப்பாக்கிச் சத்தத்தைக் கித்தார் தந்தியில் எழுப்பிய "மெஷின் கன்" என்ற பாட்டு அந்தத் தட்டில்தான் இருக்கிறது. ஹெண்ட்ரிக்ஸ் நமது கொள்கைக்காரர் அல்ல; ஆரம்பத்தில் அந்த யுத்தத்துக்குச் சாதகமாகவும் பேசியவர். ஆயினும் நடந்தது நடந்ததுதான். உலக மக்கள் யுத்த எதிர்ப்பின் குரலாக ஏற்றுக்கொண்ட ஒரு தட்டு, ஒரு டாலர் கடனை அடைப்பதற்காக வாசிக்கப்பட்ட தட்டு!

எவருடைய கணக்கு?

கலையுலகில் இரண்டு விதமான கணக்குகள் உண்டு. ஒன்று கம்பெனியின் கணக்கு. எத்தனை தட்டுகள் விற்றன, எவ்வளவு லாபம், யார் கணக்கில் எவ்வளவு பிடித்தம் என்பது அதில் இருக்கும். அந்த ஏடு பூட்டிய அறையில் இருக்கும். இன்னொன்று உழைப்பின் கணக்கு. எந்த நாள், எத்தனை மணி, யார் யார், என்ன செய்தார்கள் என்பது அதில் இருக்கும். அந்த ஏட்டை எழுத யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

"செஷன்ஸ்" புத்தகம் இரண்டாவது கணக்கை எழுத முயல்கிறது. இலண்டன் டி லேன் லே கூடத்தில் 1966 அக்டோபர் 23ஆம் தேதி "ஹே ஜோ" பாட்டைப் பதிவு செய்தார்கள். அதே இலண்டனில் ஒலிம்பிக் கூடத்தில் 1968 ஜனவரி 21ஆம் தேதி "ஆல் அலாங் தி வாட்ச்டவர்" பாட்டைத் தொடங்கினார்கள். இப்படி நாள்வாரியாகப் போகிறது விவரம். தட்டைக் கேட்கிறபோது மூன்று நிமிஷப் பாட்டுத்தான் காதில் விழுகிறது. பதிவேட்டைப் பார்த்தால்தான் அந்த மூன்று நிமிஷத்துக்குப் பின்னால் இருக்கும் இரவுகள் கண்ணில் படுகின்றன. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறார் என்று சலித்துப்போய் 1968இல் சாண்ட்லரே வேலையை விட்டு விலகினார். மேதை என்றால் கையை வைத்ததும் பாட்டு கொட்டும் என்பது சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை. பதிவேடு அந்தக் கதையை உடைத்துவிடுகிறது.

இன்னொரு சம்பவம். 1967இல் இரண்டாவது பெருந்தட்டுக்கான வேலை முடிந்தது. முதல் பக்கத்தின் மூல நாடாவை ஹெண்ட்ரிக்ஸ் ஒரு வாடகைக் காரில் மறந்து விட்டுவிட்டார். தேடியும் கிடைக்கவில்லை. ஹெண்ட்ரிக்சும் சாண்ட்லரும் எட்டி கிராமரும் ஒரே இரவில் உட்கார்ந்து அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் கலந்து அமைத்தார்கள். இந்த எட்டி கிராமர் தொகுப்பாளர்களில் இன்னொருவர். வேலை நடந்த இடத்தில் பொறியாளராக நின்றவர். அருகில் நின்று வாசித்தவர் காக்ஸ். ஆலையின் வரலாற்றை மேனேஜர் எழுதுவது வேறு. அதே யந்திரத்தில் நின்றவர்கள் எழுதுவது வேறு. பட்டியலாக இருந்தாலும் இந்த நூலுக்கு உயிர் இருப்பது இந்தக் காரணத்தால்தான்.

இறந்த பிறகும் வேலை

1970 ஆகஸ்ட் 26ஆம் தேதி நியூயார்க்கில் தமக்கென்று கட்டிய "எலெக்ட்ரிக் லேடி" ஒலிப்பதிவுக் கூடத்தை ஹெண்ட்ரிக்ஸ் திறந்தார். அதற்கு 23 நாட்கள் கழித்து, செப்டம்பர் 18ஆம் தேதி, இலண்டனில் இறந்தார். வயது 27. உயில் எழுதவில்லை. அவர் உயிரோடிருந்தபோது வெளிவந்த பெருந்தட்டுகள், தொகுப்புத் தட்டை நீக்கினால், கூடத்தில் பதிந்தவை மூன்று. கச்சேரியில் பதிந்தது ஒன்று.

ஆனால் நாடாக்கள் அலமாரியில் குவிந்து கிடந்தன. மனிதர் போய்விட்டார், அவருடைய உழைப்பு போகவில்லை. இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பின் மேல் சவாரி செய்கிறது என்று மூலதனத்தைப் பற்றி மார்க்சீயம் சொல்வதை இங்கே கண்ணாரக் காணலாம். 1971இலேயே புதுத் தட்டுகள் வரத் தொடங்கின. 1975இல் வந்த "கிராஷ் லேண்டிங்" என்ற தட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹெண்ட்ரிக்சோடு உண்மையில் வாசித்த தோழர்களின் வாசிப்பைப் பல பாட்டுகளில் நீக்கிவிட்டு, ஹெண்ட்ரிக்சை ஒரு நாளும் சந்திக்காத கூலிக் கலைஞர்களைக் கொண்டு புதிதாக வாசிக்கச் செய்து ஒட்டினார்கள். வந்து வாசித்தவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களும் அன்றாடக் கூலிக்கு வந்தவர்களே. முன்பு ஹெண்ட்ரிக்ஸ் நின்ற இடத்தில் அவர்கள் நின்றார்கள், அவ்வளவுதான். ஆனால் யாருடைய உழைப்பு அழிக்கப்பட்டது, யாருடையது சேர்க்கப்பட்டது என்பதைத் தட்டை மட்டும் கேட்டு எவரால் சொல்ல முடியும்? பதிவேடு சொல்கிறது: இந்தத் தேதியில், இந்தக் கூடத்தில், முரசு வாசித்தவர் இன்னார், கனத்த தந்தி வாசித்தவர் இன்னார். நாடாவிலிருந்து நீக்கியவர்களைப் புத்தகம் திரும்ப அழைத்து வந்து நிறுத்துகிறது.

பட்டியல் என்றால் வெறும் பட்டியல்தானே என்று அலட்சியம் செய்யலாகாது. பி.பி.எக்ஸ். கம்பெனியோடு 1973இல் இன்னொரு சமரசம் ஏற்பட்டது. எந்தெந்தப் பதிவுகளை அந்தக் கம்பெனி பயன்படுத்தலாம் என்று ஒரு பட்டியல் இணைத்தார்கள். பட்டியலில் இல்லாதவற்றையும் கம்பெனி பிறருக்கு உரிமம் விட்டது. ஹெண்ட்ரிக்ஸ் குடும்பத்தாரின் நிறுவனம் இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படிச் செய்ததற்குக் கம்பெனி நியாயமான தொகை கொடுத்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு இன்றும் ஒப்பந்தச் சட்டம் படிப்பவர்களுக்குப் பாடம். 1965இல் போட்ட ஒரு டாலர் கையெழுத்தின் வால் 2003 வரை நீண்டது! அதை நறுக்க உதவியது எது? எந்தப் பதிவு பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்ற கணக்கு.

தகப்பனார் அல் ஹெண்ட்ரிக்ஸ் மகனின் இசைக்கு உரிமை தமக்கே என்று 1993இல் வழக்காடி, 1995இல் அதை மீட்டார். அதே 1995இல்தான் "செஷன்ஸ்" புத்தகமும் வந்தது. மகன் இறந்து 25 ஆண்டுகள் கழித்து! அதுவும் எப்படி? மைக்ரோசாப்ட் கம்பெனியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பால் ஆலன் என்ற கோடீசுவரர் வழக்குச் செலவுக்குக் கடன் கொடுத்து உதவினார். தோட்டக்காரருக்கு நீதி கிடைக்க ஒரு கோடீசுவரரின் பணப்பை வேண்டியிருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

அத்தோடு தீர்ந்ததா? ஹெண்ட்ரிக்சோடு தோளோடு தோள் நின்று வாசித்த நோயல் ரெட்டிங்கும் மிட்ச் மிட்செலும் இறந்துவிட்டார்கள். அவர்களுடைய வாரிசுகள் தங்கள் பங்குக்காக இலண்டன் நீதிமன்றத்தின் படி ஏறினார்கள். நேற்று உரிமை கேட்டுப் போராடிய தரப்பு, சொத்து கைக்கு வந்ததும் எதிர்த்தரப்பில் நிற்கிறது. தனிச் சொத்துரிமையின் இயல்பு இது. தனி மனிதர்களின் குணக்கேடு மட்டுமல்ல.

சங்கம் செய்தது

"இதற்கெல்லாம் வழியே கிடையாதா? கலைஞர்கள் ஒன்று சேரவில்லையா?" என்று கேட்பீர்கள். சேர்ந்தார்கள்.

ஹெண்ட்ரிக்ஸ் பிறந்த நாளில் அமெரிக்கக் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்! 1896இல் அமைந்த அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில், 1942 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் இசைத்தட்டுப் பதிவுக்கு வாசிக்க மறுத்தது. ஒருமுறை வாசித்த தட்டை ஆயிரம் முறை சுழற்றிக் காசாக்குகிறார்கள்; அதே தட்டு கொட்டகையிலும் வானொலியிலும் வாசித்துப் பிழைத்தவன் வேலையைப் பறிக்கிறது; ஆகவே விற்கும் தட்டு ஒவ்வொன்றுக்கும் சங்க நிதிக்குப் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. யுத்த காலம் என்று பத்திரிகைகள் ஏசின. கம்பெனிகள் வாத்தியமே இல்லாமல் கோஷ்டிப் பாடகர்களை வைத்துத் தட்டுப் போட்டுப் பார்த்தன. 1943 செப்டம்பரில் டெக்கா கம்பெனி இறங்கி வந்தது. நிறுத்தத்தைக் கைவிடும்படி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கேட்டும் சங்கம் அசையவில்லை. 1944 நவம்பரில் பெரிய கம்பெனிகளான ஆர்.சி.ஏ.வும் கொலம்பியாவும் பணிந்தன. 1947இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் சங்கம் நேரடியாக நிதி வைப்பதைத் தடுத்தது. 1948இல் மறுபடியும் போராடி, அறக்கட்டளை வடிவில் நிதியைக் காப்பாற்றினார்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, நேரம், வாசித்தவர் பெயர், கூலி எழுதிய படிவத்தைச் சங்கத்தில் கொடுக்க வேண்டும் என்ற நடைமுறை அந்தச் சங்கத்துக்கு உண்டு. பட்டியல் தொகுப்பவர்களுக்குப் பிற்காலத்தில் கைகொடுத்த ஆவணங்களில் இந்தப் படிவங்கள் முக்கியமானவை. சங்கம் இருந்த இடத்தில் பதிவேடு இருந்தது. சங்கம் எட்டாத இடத்தில் ஒரு டாலர் காகிதம் இருந்தது.

சங்கத்தின் குறையையும் மறைக்கக் கூடாது. பல நகரங்களில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பினத்தாருக்கு ஒரு கிளை என்று பிரித்து வைத்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இரு கிளைகளும் இணைந்தது 1953இல்தான். நிறத்தால் பிளவுண்ட சங்கம் அரைப் பலத்தோடுதான் போராட முடியும். சாதியால் பிளவுண்ட ஊருக்கும் இதுவே நியாயம்.

நமக்கு என்ன?

"அவர் பெரும் பணம் சம்பாதித்த நட்சத்திரமாயிற்றே! அவரையும் எங்களையும் எப்படி ஒப்பிடலாம்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். ஒப்பிடவில்லை. கடைசி மூன்று நான்கு ஆண்டுகளில் அவர் கையில் புரண்ட பணம் ஆலைத் தொழிலாளி கனவிலும் காணாதது. நாம் சொல்வது வேறு. அவ்வளவு புகழும் பணமும் வந்த ஒருவராலேயே ஒற்றை ஆளாக நின்று தமது உழைப்பின் கணக்கைக் காப்பாற்ற முடியவில்லை. அப்படியானால், புகழும் பணமும் இல்லாதவன் ஒற்றை ஆளாக நின்று என்ன செய்வான்?

சேமநிதிக்கும் பணிக்கொடைக்கும் விண்ணப்பிக்கும்போது, "நீ வேலை செய்ததற்கு அத்தாட்சி எங்கே?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது. அத்தாட்சி நிர்வாகத்தின் பீரோவில் இருக்கிறது. வயலில் எத்தனை நாள் இறங்கினோம் என்பது மேஸ்திரியின் நோட்டில் இருக்கிறது. நோட்டு அவருடையது, பென்சிலும் அவருடையது.

ஆகவே இந்தப் படிப்பகத்தின் சார்பில் ஓர் யோசனையை முன்வைக்கிறோம். தோழர் ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தேதி, வேலை செய்த இடம், நேரம், கூலி, உடன் வேலை செய்தவர் பெயர் ஆகிய ஐந்தும் அன்றன்றைக்கு எழுதப்பட வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மாதம் ஒருமுறை சங்க அலுவலகத்தில் நோட்டுகளை ஒத்துப் பார்ப்போம். ஒருவர் நோட்டு ஒருவருக்குச் சாட்சி. எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை, படித்துக் காட்டாமல் கைநாட்டு வைப்பதில்லை என்றும் முடிவு செய்வோம்.

பில்லி காக்ஸ் செய்தது அதுதான். தம்மோடு உழைத்த தோழர் இறந்த பின், "அன்று அவர் இருந்தார், நானும் இருந்தேன், இதை வாசித்தோம்" என்று பதிவேட்டில் எழுத உதவினார். அந்தச் சாட்சியம் 25 ஆண்டுகள் தாமதமாக வந்தது. நமது சாட்சியம் அன்றன்றைக்கே எழுதப்படட்டும்.

நோட்டுகள் மேஜைமேல் இருக்கின்றன, தோழர்களே. கூட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதியை எழுதுங்கள்.